செவ்வழுகலும் சாபமும்: கூர்தலறத்தின் வரலாற்றில் கரும்பும் குருதியும்

முன்னுரை

கடலூர் பழைய நகரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில், உப்பனாற்றை அடுத்துள்ள சிற்றூர் குடிகாடு. இன்று சிப்காட் தொழிற்சாலைகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வூரில் ஒரு குடும்பத்தாரின் வீட்டு ஜெபக்கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். அவ்வீட்டாரின் உறவினரான விவசாயி ஒருவர் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்து, ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். அவருடைய மூன்று காணிக் கரும்பும் அவ்வாண்டு செவ்வழுகல் நோயால் காய்ந்து போயிருந்தது. வேறொரு கூட்டத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஊழியர் ஒருவர், வீட்டிலுள்ள மறைவான பாவமே வயலைச் சுட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தார். ஜெபம் முடிந்தபின் அவர் நம்மிடம் கேட்டார்: "ஐயா, பக்கத்து வயலும் காய்ந்தது; அதற்கடுத்த வயலும் காய்ந்தது. எல்லாம் ஒரே ரகக் கரும்பு. அப்படியானால் ஊர் முழுவதும் பாவம் செய்ததா? வேறு ரகம் நட்டவன் மட்டும் நீதிமானா?"

அன்று நாம் அவருக்குக் கூறிய விடை போதுமானதாக இல்லை. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்து, ஆறுதல் சொல்லித் திரும்பினோம். ஆயினும் அவருடைய கேள்வியிலேயே பாதி விடை அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். "எல்லாம் ஒரே ரகம்" என்று அவர் கூறிய சொற்களில், உயிர்களின் வரலாற்றை நடத்திச் செல்லும் இரு பெரும் விதிகளும் மறைந்திருந்தன. மாறுபாடு என்பது ஒன்று. இயற்கைத் தேர்வு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பதையும், ஆயர்களாகிய நமக்கு அவ்வரலாறு எதைக் கற்பிக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

1. வகைகளைக் கண்டவர்கள்

தமிழகத்துப் புராட்டஸ்டண்டுத் திருச்சபையின் தொடக்க காலமும், தமிழகத்து உயிரியல் ஆய்வின் தொடக்க காலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கும் புளூட்சோவும் தொடங்கிய அருட்பணியின் கிளை 1737இல் கடலூரிலும் வேரூன்றியது. 1768இல் தரங்கம்பாடி மிஷனின் மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்டு கோனிக் என்பவர், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸிடம் பயின்ற மாணவர். நம் வீடுகளில் நாள்தோறும் தாளிதத்தில் இடும் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் இம்மருத்துவரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. தரங்கம்பாடியில் பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற அருட்பணியாளர் இப்பகுதிக் கடல் மீன்களைச் சேகரித்து, ஜெர்மனியிலிருந்த புளோக் என்ற அறிஞருக்கு அனுப்பினார். கத்தாளை மீன்களில் ஒரு பேரினமும், செம்மண்ணுளிப் பாம்பும் அவர் பெயரையே தாங்குகின்றன. அவருடைய உடன் ஊழியரான ராட்லர் ஐயர் தமிழ் அகராதி தொகுத்தவர். தாவரங்களைச் சேகரித்து வைப்பதிலும் அதே ஊக்கம் காட்டியவர்.

இவர்களுக்கு உயிரினங்களின் வகை என்பது படைப்பின் நாளிலிருந்தே மாறாது நிற்கும் ஒன்று. ஒவ்வொரு வகையையும் பெயரிட்டு ஒழுங்குபடுத்துவது ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட பணியின் தொடர்ச்சி என்று அக்காலத்து அறிஞர் பலர் எண்ணினர். ஒரே வகைக்குள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும் செடிகளையும் மீன்களையும் அவர்கள் காணாமலில்லை. ஆனால் அவ்வேறுபாடுகள் அவர்களுக்கு ஒரு தொல்லையாகவே இருந்தன. வகையின் உண்மையான உருவம் ஒன்று உண்டு. வேறுபாடு அதிலிருந்து வழுவிய குறை என்பதே அன்றைய கருத்து.

இக்கருத்தைத் தலைகீழாக மாற்றியவர் சார்லஸ் டார்வின். 1859இல் வெளிவந்த அவருடைய உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் தொலைதூரத் தீவுகளைப் பற்றிய பேச்சோடு தொடங்கவில்லை. வீட்டுப் புறாக்களையும் ஆடுமாடுகளையும் தோட்டப் பயிர்களையும் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. குடியானவன் விதைக்கென்று நல்ல கதிரை எடுத்து வைக்கிறான். பல ஆண்டுகள் அவ்வாறு செய்தால் பயிரின் தன்மையே மாறிவிடுகிறது. மனிதன் சில தலைமுறைகளில் செய்யும் இத்தேர்வை, இயற்கை எண்ணற்ற தலைமுறைகளில் செய்கிறது என்பதே டார்வினின் வாதம். பிறப்பவை அனைத்தும் பிழைப்பதில்லை. பிறப்பவை ஒன்றுபோல் இருப்பதுமில்லை. அவை வாழும் இடத்திற்கு எந்த மாறுபாடு சிறிதேனும் துணை செய்கிறதோ, அதனை உடையவை மிகுதியான சந்ததியை விட்டுச் செல்கின்றன. அம்மாறுபாடு சந்ததிக்கும் செல்லுமானால், காலப்போக்கில் அந்த உயிரினக் கூட்டமே மாறுகிறது. ஆகவே, மாறுபாடு குறையன்று. மாற்றத்திற்கு மூலப்பொருளே அதுதான்.

திருச்சபை முழுவதும் இதனை எதிர்த்தது என்று நம் மாணவரில் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வளவு எளிதன்று. எதிர்த்தோர் பலர் என்பது உண்மை. ஆயினும் ஆங்கிலத் திருச்சபைக் குருவான சார்லஸ் கிங்ஸ்லி, நூலின் முதற்படியை வாசித்தவுடன் டார்வினுக்கு எழுதிய கடிதத்தில், தாமே வளரும் ஆற்றலுள்ள உயிர்களைக் கடவுள் படைத்தார் என்பதும் அவரைப் பற்றிய உயர்ந்த எண்ணமே என்று கருத்துத் தெரிவித்தார். அவர் பெயரைச் சொல்லாமலே டார்வின் அக்கருத்தை 1860இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

2. மடத்துத் தோட்டத்திலிருந்து வந்த விடை

டார்வினின் கருத்தில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. மாறுபாடு எவ்வாறு சந்ததிக்குச் செல்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பாலும் நீரும் கலப்பதுபோல் பெற்றோரின் தன்மைகள் பிள்ளையில் கலந்துவிடுகின்றன என்பதே அக்காலத்தவர் பொதுவாகக் கொண்டிருந்த எண்ணம். அப்படியானால் ஒரு நல்ல மாறுபாடு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகி, சில தலைமுறைகளில் கரைந்து மறைந்துவிடும்; தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. 1867இல் பிளீமிங் ஜென்கின் என்ற பொறியியல் அறிஞர் இக்குறையைச் சுட்டிக்காட்டியபோது டார்வினால் தக்க விடை கூற இயலவில்லை.

விடை அதற்கு முன்னரே அச்சேறியிருந்தது. புருன் நகரத்து அகுஸ்தீனியத் துறவியான கிரகோர் மெண்டல், தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைப் பல ஆண்டுகள் பயிரிட்டு, எண்ணி, ஆராய்ந்து, 1866இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோரின் தன்மைகளைச் சுமக்கும் காரணிகள் கலந்து கரைவதில்லை. மணிகளைப்போல் தனித்தனியே நிற்கின்றன. ஒரு தலைமுறையில் மறைந்திருந்தது அடுத்த தலைமுறையில் குறையாமல் வெளிப்படலாம் என்பதே அவர் கண்ட உண்மை. உலகம் அதனைக் கவனிக்க 1900ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் பிஷர், ஹால்டேன், ரைட் ஆகிய மூவரும் டார்வினின் தேர்வையும் மெண்டலின் காரணிகளையும் கணிதத்தால் இணைத்தனர். இவர்களுள் பிஷர் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர். ஹால்டேன் கடவுள் மறுப்பாளர். 1953இல் டி.என்.ஏ.யின் அமைப்பு கண்டறியப்பட்டபோது, மெண்டலின் காரணிகள் எதில் எழுதப்பட்டுள்ளன என்பதும் தெளிவாயிற்று. அவ்வெழுத்துகள் படியெடுக்கப்படும்போது அரிதாக ஏற்படும் பிழைகளே புதிய மாறுபாட்டின் ஊற்று. ஆண் பெண் சேர்க்கையில் அவை மீண்டும் மீண்டும் புதிய வரிசைகளில் அடுக்கப்படுகின்றன.

பிழை இவ்வுயிருக்கு வேண்டும் என்று தேவையறிந்து ஏற்படுவதில்லை என்பதை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். மாறுபாடு தேவையை நோக்கி எழுவதில்லை. தேர்வோ கண்மூடித்தனமாக நடப்பதில்லை. இவ்விரண்டின் கூட்டே கூர்தலறம்.

3. கரும்பின் கதை

இனிக் குடிகாட்டில் எழுந்த கேள்விக்கு வருவோம்.

கரும்பை நாம் விதையிட்டு வளர்ப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறோம். ஆகவே ஒரு ரகத்தைச் சேர்ந்த கரும்புகள் அனைத்தும், எத்தனை ஆயிரம் ஏக்கரில் நின்றாலும், ஏறக்குறைய ஒரே செடியின் துண்டுகளே. அவற்றுள் ஆண்டுதோறும் புதிய மாறுபாடு கலப்பதில்லை. கரும்புக்கு முளைக்கும் விதை உண்டு என்பதையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஜாவாவிலும் பார்படோஸிலும் நடந்த ஆய்வுகளுக்குப் பின்னரே உலகம் ஏற்றுக்கொண்டது.

1890களில் அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் கரும்பு வயல்கள் செவ்வழுகலால் பேரழிவுக்குள்ளாயின. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெண்திட்டுகளுடன், புளித்த நாற்றம் வீசும். மேலே தோகை மஞ்சளித்துக் காயும். இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை. நோயுற்ற கரணையிலும், மண்ணில் தங்கிய கட்டையிலும், பாயும் நீரிலும் அது பரவுகிறது. மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர் இந்நோயை ஆராய்ந்தார். 1902இல் சாமல்கோட்டையில் ஆய்வுப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது பார்பரே அதன் பொறுப்பை ஏற்றார். கோவையில் கரும்பு பூத்து விதை கட்டுகிறது என்பது அவ்விடத்தைத் தேர்ந்ததற்குரிய காரணங்களுள் தலையாயது.

அவரும் அவருடைய உதவியாளரான டி. எஸ். வெங்கடராமனும் செய்தது என்ன? தடித்த, சாறு மிகுந்த 'வெள்ளை' என்னும் கரும்போடு, ஆற்றங்கரையில் தானே முளைக்கும் பேய்க்கரும்பை மகரந்தம் சேர்த்தனர். பேய்க்கரும்பில் இனிப்பில்லை, நார் மிகுதி, குடியானவன் அதனைக் களையென்று வெட்டி எறிவான். ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்கும் உரம் அதனிடம் இருந்தது. அச்சேர்க்கையில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் வெளியிடப்பட்டு, வட இந்தியக் கரும்பு வேளாண்மையையே மாற்றியது. வீடு கட்டுவோர் தள்ளிய கல்லைப் பற்றித் திருமறை கூறுவது இங்கு நம் நினைவுக்கு வராமற் போகாது. இந்நிலையத்தில் 1934 முதல் பணியாற்றிய ஜானகி அம்மாள், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பேய்க்கரும்பின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர். அவற்றின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடுகிறது என்பதை இன்று அறிவோம். களை என்று நாம் தள்ளிய செடிக்குள் எத்தகைய மாறுபாட்டுச் செல்வம் அடங்கியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

பின்னர் கோ 419 போன்ற புகழ்பெற்ற ரகங்கள் வந்தன. நம் கடலூரிலுள்ள ஆய்வு நிலையமும் தன் பங்கைச் செய்தது. கோசி 671 என்ற ரகத்தின் பெயரில் 'கோ' கோவையையும் 'சி' கடலூரையும் குறிக்கும். சர்க்கரைச் சத்து மிகுந்த அந்த ரகத்தை ஆலைகள் விரும்பின, விவசாயிகளும் விரும்பினர், வயலுக்கு வயல் அதுவே நின்றது. பின்பு அதனையும் செவ்வழுகல் பற்றிக்கொண்டது. அது தமிழகத்து வயல்களிலிருந்து பின்வாங்க நேர்ந்தது.

எதிர்ப்பு ஆற்றலோடு புகழ்பெறும் கரும்பு ரகங்கள் நோய்க்கு இரையாவது எப்படி? கரும்பு மாறவில்லை, பூஞ்சை மாறியது. பூஞ்சை கோடிக்கணக்கான வித்துகளை விடுகிறது. அவற்றுள் சிலவற்றில் இயல்பாகவே சிறு மாறுபாடுகள் தோன்றுகின்றன. ஒரு ரகத்தின் காவலைக் கடக்கக்கூடிய மாறுபாடு எங்கேனும் ஒரு வித்தில் தோன்றினால், பல ரகங்கள் கலந்து நிற்கும் நிலத்தில் அது ஒரு மூலையில் அடங்கிவிடலாம். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ரகம் நிற்குமானால், அந்த ஒரு வித்துக்கு நாடு முழுவதும் திறந்த கதவு. பூஞ்சை கற்றுக்கொண்டது என்று பேச்சுவழக்கில் சொல்லுவோம். உண்மையில் எந்தப் பூஞ்சையும் எதையும் கற்கவில்லை. கடக்க இயலாதவை மடிந்தன; கடக்க இயன்றவை பெருகின. அவ்வளவே.

ஆகவே அந்த விவசாயியின் வயல் காய்ந்ததற்கும், பக்கத்து வயல் காய்ந்ததற்கும், வேறு ரகம் நட்டவர் தப்பியதற்கும் காரணம் அவர் வாயிலேயே இருந்தது. ஒருவருடைய பாவமும் அன்று. மற்றொருவருடைய நீதியும் அன்று. குறை சொல்லவே வேண்டுமெனில், ஒரே ரகத்தை எங்கும் பரப்பும் நம் அனைவருடைய அவசரத்தையும் சொல்லலாம். அதற்கு உடைந்து போன ஒரு வீட்டாரைத் தனியே பிடித்துக் குற்றவாளியாக்க இடமில்லை.

4. நீலகிரியின் குருதி

கரும்புக்கு நேர்வது மனிதருக்கும் நேருமா? இக்கேள்விக்கும் தமிழகத்திலேயே விடை உண்டு.

1910இல் சிகாகோ நகர மருத்துவர் ஹெரிக் என்பவர், ஒரு நோயாளியின் குருதியில் வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் கதிரரிவாள் போல் வளைந்திருப்பதை அறிவித்தார். நெடுங்காலம் இந்நோய் ஆப்பிரிக்க வழியினருக்கே உரியது என்று கருதப்பட்டது. 1952இல் லீமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், நீலகிரிப் பகுதியில் வாழும் பழங்குடி மக்களிடையிலும் இவ்வரிவாள் அணுக்கள் உள்ளன என்று வெளியிட்டபோது மருத்துவ உலகம் வியந்தது. குருதியின் குணங்களைக் கொண்டு இனங்களின் பழைய உறவுகளைத் தேடுவது அக்கால வழக்கம். லீமனும் அவ்வழியே சென்று, இதனை ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைக்கும் இன அடையாளமாகக் கருதினார்.

உண்மையான விளக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. 1949இல் ஹால்டேன், தலசீமியா என்ற மற்றொரு குருதி நோயைப் பற்றிப் பேசுகையில், அதன் மரபணுவை ஒருபுறம் மட்டும் பெற்றவர்கள் மலேரியாவைத் தாங்கக்கூடியவர்களாக இருக்கலாம் என்று கருத்துரைத்தார். 1954இல் அல்லிசன் என்ற மருத்துவர், கிழக்காப்பிரிக்காவில் செய்த ஆய்வுகளால், அரிவாள் அணு மரபணுவிற்கு இது பொருந்தும் என்று காட்டினார். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதியை மட்டும் பெற்றவருக்குக் கொடிய மலேரியாவிலிருந்து பெருமளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையோ கடும் சோகையாலும் தாங்கொணா வலியாலும் துன்புறுகிறது. நீலகிரியின் அடிவாரக் காடுகளும் வயநாடும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. அக்காடுகளில் இம்மரபணு இல்லாதவர் காய்ச்சலால் மடிந்தனர். இரண்டு பிரதி பெற்றவர் சோகையால் மடிந்தனர். ஒரு பிரதி பெற்றவர் பிழைத்து, பிள்ளை பெற்றனர். ஆகவே நோயைத் தரும் மரபணு ஒழியாமல் நிலைத்தது. அது இனத்தின் முத்திரையன்று. கொசு வாழ்ந்த இடத்தின் சுவடு.

இத்தனைக்கும் காரணமான வேறுபாடு எவ்வளவு சிறியது! ஹீமோகுளோபின் என்ற குருதிப் புரதத்தின் ஒரு சங்கிலியில் 146 கண்ணிகள் உள்ளன. அவற்றுள் ஆறாவது கண்ணி ஒன்று மட்டுமே மாறியுள்ளது என்பதை இங்கிராம் 1950களின் பிற்பகுதியில் கண்டார். மரபணுவில் அது ஓரெழுத்தின் மாற்றமே.

ஹால்டேன் அதே 1949இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், நம் கரும்புக் கதைக்கும் பொருந்தும் உண்மையைக் கூறினார். நோய்க் கிருமிகள் எங்கும் பரவலாக உள்ள வகைக்கே தம்மை இசைவித்துக்கொள்கின்றன. ஆகவே அரிதாயிருப்பதே ஒரு பாதுகாப்பு. மாறுபாடு நிறைந்த இனமே நோய்களுக்கு எதிரே நீடித்து நிற்கிறது என்பதே அதன் சாரம். இவர் 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். கடவுளை மறுத்தவரிடமிருந்து நாம் கற்பதா என்று எவரேனும் தயங்கினால், தம்மை அறியாத கோரேசையும் ஆண்டவர் தம் பணிக்கு அழைத்தார் என்பதை நினைவிற்கொள்வார்களாக.

5. மூன்று தவறான பாடங்கள்

இவ்வரலாற்றிலிருந்து உலகம் மூன்று தவறான பாடங்களைக் கற்றது. நம் பிரசங்க பீடங்களிலும் இவை நுழைவதால், அவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுவோம்.

முதலாவது, தக்கது பிழைக்கும் என்பதைச் சிறந்தது பிழைக்கும் என்று கொள்வது. தகுதி என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. மலேரியாக் காட்டில் காப்பாற்றிய அதே மரபணு, கொசுவற்ற நகரத்தில் எந்த நன்மையும் தருவதில்லை. ஆலையில் முதலிடம் பெற்ற கரும்பு வயலில் தோற்றது. உயிர்களை மேல் கீழ் என்று அடுக்கும் ஏணி எதையும் இயற்கைத் தேர்வு காட்டவில்லை.

இரண்டாவது, தூய்மையே வலிமை என்று எண்ணுவது. 1883இல் கால்டன் இனமேம்பாட்டியல் என்ற துறைக்குப் பெயரிட்டார். அவ்வழிச் சென்றவர்கள் பலவீனரென்று தாம் கருதியோரை மலடாக்கினர். ஜெர்மனியில் கொலையும் செய்தனர். உயிரியல் காட்டுவதோ இதற்கு எதிரானது. மாறுபாடற்ற தூய வயலே முதலில் வீழ்கிறது. நம் மண்ணில் இப்பாடத்திற்குத் தனிப்பொருள் உண்டு. 1860களில் கார்ல் ஆக்ஸ் ஐயர் நெல்லிக்குப்பத்தை அடுத்த பட்டாம்பாக்கத்தில் தம் பணியை ஊன்றியது, சாதிவேற்றுமைக்குச் சபையில் இடங்கொடுப்பது பற்றி லைப்சிக் மிஷனோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டினாலேயே. அங்கிருந்து வளர்ந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அவர் திருமறையின் அடிப்படையில் வாதாடினார். இன்று உயிரியலும் அப்பக்கமே நிற்கிறது. குருதித் தூய்மை பேசுவோருக்குத் திருமறையிலும் இடமில்லை; குருதியிலும் இடமில்லை.

மூன்றாவது, இயற்கையில் நடப்பதையே மனிதன் செய்ய வேண்டிய அறமாகக் கொள்வது. பூஞ்சை வென்றதனால் பூஞ்சையைப் பின்பற்ற வேண்டியதில்லை. புவியீர்ப்பு உண்டு என்பதற்காக, விழுந்தவரைத் தூக்காமல் நாம் விடுகிறோமா?

6. இறையியல் நோக்கு

இங்கு ஆயர்களாகிய நாம் எளிதான விடைகளைத் தேடக் கூடாது. கூர்தலறத்தை ஏற்றுக்கொண்டால், சாபம் என்ற கொடுஞ்சொல்லிலிருந்து அந்த விவசாயி விடுதலை பெறுகிறார். அது பெரிய நன்மை. பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர் கேட்டபோது, ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளினார். சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்தவர்கள் மற்றவரினும் பாவிகளல்லர் என்றும் கூறினார். துன்பத்தின் அளவைக் கொண்டு பாவத்தின் அளவைக் கணக்கிடும் இறையியலுக்கு நற்செய்தியில் இடமில்லை. வயலைப் பற்றியும் குருதியைப் பற்றியும் அறிவியல் தரும் விளக்கம் இதற்கு முரணானதன்று, இதற்குத் துணையே.

ஆனால் ஒரு கேள்வி தீர்ந்த இடத்தில் கடினமான மற்றொன்று எழுகிறது. நூறு பேரை மலேரியாவிலிருந்து காத்த மரபணுவின் விலையை ஒரு குழந்தை தன் எலும்புகளில் வலியாகச் செலுத்துகிறது. அக்குழந்தையிடம் சென்று, இதனால் உன் இனத்தார் பிழைத்தனர் என்று சொல்ல எந்த ஆயருக்குத் துணிவு வரும்? இது படைப்பின் ஞானம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்தால், நாம் யோபின் நண்பர்களின் வரிசையில் நிற்போம். ஒரே அமைப்பு வாழ்வையும் சாவையும் தருகிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மை. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல், படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுவதாகக் காண்கிறார். முடிந்துபோன ஒரு பொருளைப் பற்றி அவர் பேசவில்லை. இன்னும் பிறந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றியே பேசுகிறார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலும் கடவுள் நிலத்தை நோக்கி, உயிர்களைப் பிறப்பிக்குமாறு கட்டளையிடுகிறார். பிறப்பிக்கும் உரிமையைப் படைப்புக்கே கொடுத்தவர், அதன் வேதனைக்கு வெளியே நிற்கவில்லை என்பதே சிலுவையின் செய்தி. இதற்குமேல் சொல்ல நமக்கு உரிமையில்லை என்று கருதுகிறோம்.

முடிவுரை

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? வீட்டுக்கு வீடு சாபம் தேடும் போதனையைச் சபையில் அனுமதியாதிருப்பது முதற்கடமை. மரபு நோய்களைப் பற்றி ஆயர்கள் அடிப்படை அறிவு பெறுவது இரண்டாவது. அரிவாள் அணு மரபணுவை ஒரு பிரதியாகச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணப்போரிடம், மறைந்துள்ள ஒரே மரபணு இருபுறமிருந்தும் சேரும் வாய்ப்பு மிகுகிறது. திருமண அறிக்கை வாசிக்கும் நாம், மணமக்களிடம் இதனைக் கனிவோடு எடுத்துச் சொல்லலாம். சுமப்பவரை எவரும் இழிவாக எண்ணாதபடி காக்கவும் வேண்டும். 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடுவண் அரசு அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காக வைத்தது. மலைப்பகுதிகளில் ஊழியம் செய்யும் நம் மாணவர்கள் இதில் மக்களுக்குத் துணை நிற்கலாம்.

அந்த விவசாயியை மறு ஆண்டு மீண்டும் கண்டோம். நோயுற்ற நிலத்தில் மறுதாம்பு விடாமல் கட்டைகளை அகற்றி எரித்து, நெல் நட்டிருந்தார். அடுத்த பருவத்திற்கு வேறு ரகக் கரணைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும் கூறினார். நாம் இக்கட்டுரையில் எழுதியவற்றில் பாதியை அவரிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால், என் வீட்டுக்காரி ஆறு மாதம் அழுதிருக்க மாட்டாளே, ஐயா" என்றார்.

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இனி அவ்வாறு கேட்க வருபவர்களுக்கேனும் தாமதமின்றி விடை சொல்ல, நம் மாணவர்கள் ஆயத்தமாயிருப்பார்களாக.